அரண்மனையில் முதலில் எந்தக் கதவைத் திறப்பது?

உசிலம்பட்டி வட்டாரத்தில் ஊர்ப் பெயரைக் கேட்டாலே பாளையக்காரர் பெயரும் கூட வந்துவிடும். உத்தப்பநாயக்கனூர், தொட்டப்பநாயக்கனூர், இன்னும் மேற்கே போனால் போடிநாயக்கனூர். மதுரை நாயக்கர்கள் வகுத்த 72 பாளையங்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்த ஏற்பாட்டின் மிச்சம் இது. வெள்ளைக்காரன் 1802இல் கொண்டுவந்த நிரந்தர வரித் திட்டத்தில் பாளையங்கள் ஜமீன்களாயின. 1948ஆம் ஆண்டின் ஒழிப்புச் சட்டத்தோடு ஜமீன்களும் போயின. வீடுகள் மட்டும் நின்றன. சில இடிந்தன, சிலவற்றில் வாரிசுகள் இருக்கிறார்கள், சிலவற்றின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதற்கே ஊரில் இரண்டு பதில் உண்டு.

2022 மே மாதம் மதுரையிலிருந்து தேனிக்கும், 2023 ஜூனில் போடி வரைக்கும் அகலப்பாதை ரயில் ஓடத் தொடங்கியதிலிருந்து ஒரு பேச்சு வலுத்திருக்கிறது. ரயில் வந்துவிட்டது, மலை பக்கத்தில் இருக்கிறது, இந்த அரண்மனைகளைச் சீர்செய்து டிக்கெட் போட்டுத் திறந்தால் என்ன? ஊருக்கும் வருமானம், கட்டடத்துக்கும் ஆயுள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் இதை ஏற்கெனவே மூன்று நான்கு விதமாகச் செய்து பார்த்திருக்கிறோம். அவற்றை எடைபோடாமல் இன்னொரு அரண்மனைக்குப் பூட்டுத் திறப்பது சரியில்லை.

முதலில் நமக்குப் பக்கத்தில் இருப்பது. என் தாத்தா திருமலை நாயக்கர் மகாலை ஒருநாளும் மகால் என்று சொன்னதில்லை. அவருக்கு அது கோர்ட்டு. வாய்தாவுக்குப் போகிற இடம். 1636இல் கட்டிய அரண்மனையில் பெரும்பகுதி மன்னரின் பேரன் காலத்திலேயே பிரிக்கப்பட்டுத் திருச்சிக்குப் போய்விட்டது. மிஞ்சியது சொர்க்கவிலாசமும் அதை ஒட்டிய சில பகுதிகளும். ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு 1866க்கும் 1872க்கும் இடையில் அதைப் பழுதுபார்க்க ஏற்பாடு செய்தார். பிறகு 1970 வரை மாவட்ட நீதிமன்றம் அங்கேதான் நடந்தது. இதை நாம் சாதாரணமாகக் கடந்துபோகிறோம். கட்டடம் தப்பியதற்கு நேப்பியரின் ரசனை ஒரு காரணம். நூறு ஆண்டு அதற்குள் தினமும் ஒரு வேலை நடந்தது இன்னொரு காரணம். கூரை ஒழுகினால் நீதிபதியின் மேசையில் சொட்டும், அதனால் கூரையைப் பார்ப்பார்கள்.

இன்று அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. சொற்பக் கட்டணம், யாரும் உள்ளே போகலாம், பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். இது பெரிய நன்மை, இதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். குறை எங்கே என்றால், அந்தத் தூண்கள் தரும் வியப்போடு பார்வை முடிந்துவிடுகிறது. மாலை ஒலி ஒளிக் காட்சியில் நாயக்கர் கதையோடு சிலப்பதிகாரமும் வருகிறது. கண்ணகி மதுரைக்குச் சொந்தமானவள்தான். ஆனால் அவளுக்கும் இந்தச் சுதைத் தூண்களுக்கும் நடுவில் ஆயிரம் ஆண்டுக்கு மேல் இடைவெளி. இத்தனை சுண்ணாம்பு யார் அரைத்தது, இத்தனைக்கும் வரி எந்தப் பாளையத்திலிருந்து வந்தது என்பதுதான் அந்தக் கட்டடத்தின் சொந்தக் கதை. அதை விட்டுவிட்டால் பிள்ளைகள் தூணைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்புவார்கள், அவ்வளவுதான்.

இரண்டாவது வழி செட்டிநாடு. நாட்டுப்புறத்துப் பெரிய வீட்டை விருந்தினருக்குத் திறப்பதில் தமிழ்நாட்டில் இதைவிட முன்னே போன இடம் இல்லை. காரைக்குடியில் ‘பங்களா’ என்ற விடுதி 1999 முதல் விருந்தினரை ஏற்கிறது. கானாடுகாத்தானிலும் பக்கத்து ஊர்களிலும் விசாலம், செட்டிநாடு மேன்ஷன், சாரதா விலாஸ், சிதம்பர விலாஸ் என்று பல வீடுகள் தங்கும் விடுதிகளாகியிருக்கின்றன. 2014இல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் ஏறின.

இந்த வழியின் பலம் புரிய வேண்டுமானால் ஒரு செட்டிநாட்டு வீடு எப்படிச் சாகிறது என்று பார்க்க வேண்டும். கூரையில் நாட்டு ஓடுகளை வரிசைமேல் வரிசையாக அடுக்கியிருப்பார்கள். ஒரு குரங்கோ காற்றோ ஒரு ஓட்டை நகர்த்தும். அடுத்த மழையில் நீர் பர்மாத் தேக்குக் கைமரத்தில் இறங்கும். தேக்கு உடனே போகாது, இரண்டு மூன்று மழைக்காலம் தாங்கும். அதற்குள் சுவர்த் தலையில் ஈரம் ஊறி, பறவை எச்சத்தில் வந்த அரசங்கன்று வேர்விடும். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்து அரைத்த சுண்ணாம்புப் பூச்சு உப்பி உதிரும். யாராவது நல்ல மனதோடு அந்த இடத்தில் சிமென்ட் பூசுவார். ஈரம் வெளியேற வழியில்லாமல் பக்கத்துச் சுவரும் கெடும். இதைத் தடுக்க ஆண்டுக்கு ஒருமுறை ஏறி ஓடு மாற்ற ஒரு ஆள் போதும். ஆனால் வீட்டில் முப்பது நாற்பது புள்ளிக்கு, அதாவது குடும்பத்துக்கு, பங்கு. ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில். கல்யாணத்துக்கும் முன்னோர் படைப்புக்கும் மட்டும் கதவு திறக்கும். ஏறச் சொல்வது யார், கூலி கொடுப்பது யார்? கடைசியில் பங்கு பிரிக்க முடியாத வீட்டைக் கதவாகவும் தூணாகவும் பிரிப்பார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் நிலைக்கதவுகளும் தூண்களும் சாய்த்து வைத்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

விடுதியான வீட்டில் இந்த விதி மாறுகிறது. விருந்தினர் இருக்கிறார்கள், எனவே ஒழுகக் கூடாது. ஆத்தங்குடிக் கல் பெயர்ந்தால் ஆத்தங்குடியிலிருந்தே புதுக்கல் வரும். அங்கே இன்னும் கண்ணாடிப் பலகைமேல் அச்சு வைத்து, சாயக் குழம்பைக் கையால் ஊற்றித்தான் கல் செய்கிறார்கள். கொத்தனார், ஆசாரி, ஆச்சிமார் கைப்பக்குவம் பழகிய சமையல்காரர் எல்லோருக்கும் வேலை. காப்பாற்றும் கணக்கில் செட்டிநாட்டு விடுதிகளுக்கு முழு மதிப்பெண் தருவேன்.

கதைக் கணக்கில் தர முடியாது. வளவில் அமர்ந்து சாப்பிடும் விருந்தினருக்குச் சொல்லப்படும் கதை பெரும்பாலும் பொருள்களின் கதைதான். தேக்கு பர்மா, சலவைக்கல் இத்தாலி, கண்ணாடி பெல்ஜியம். பர்மாவிலிருந்து தேக்கு மட்டுமா வந்தது? கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் நிலத்தில் 6 சதவீதம் வட்டிக்குக் கடன் கொடுத்த செட்டியார்கள் கையில் இருந்தது. உலகப் பொருளாதார வீழ்ச்சியில் நெல் விலை சரிந்து கடன் திரும்பாமல் போக, 1938 வாக்கில் அது 25 சதவீதம் ஆயிற்று. வட்டிக்குக் கொடுத்தவர்களுக்கும் அது வரமாக இல்லை. பணமாக வர வேண்டியது விற்க முடியாத நிலமாக வந்தது, 1942இல் ஜப்பான் படை நுழைந்தபோது பலர் நடந்தே ஊர் திரும்பினார்கள். நிலத்தை இழந்த பர்மிய விவசாயியும், எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்த செட்டியாரும், அவர் வட்டிக்கடையில் வேலை பார்த்த பெட்டியடிப் பையனும் இந்த வீட்டுக்குள்தான் இருக்கிறார்கள். அவர்களைச் சொல்வதால் வீட்டின் அழகு ஒரு மாற்றும் குறையாது. இன்னொன்று, முகப்பில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் பார்க்க அந்தத் தெருவின் பிள்ளைக்கே வழியில்லாதபோது அதை ஊரின் பாரம்பரியம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சில வீடுகள் சிறு கட்டணத்துக்கு முகப்பையும் வளவையும் காட்டுகின்றன. அது எல்லா வீட்டுக்கும் பொதுவாக வேண்டும்.

மூன்றாவது பத்மநாபபுரம். 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகர். 1956 நவம்பர் 1இல் அந்த அரண்மனை இருக்கும் கல்குளம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது, அரண்மனைப் பராமரிப்பு மட்டும் கேரளத் தொல்லியல் துறையிடமே நின்றது. என் கணக்கில் தென்னாட்டில் ஒழுங்காக நடத்தப்படும் அரண்மனை இதுதான். காரணத்தைப் பாதங்களே சொல்லும். செருப்பை வெளியே விட்டுத்தான் போக வேண்டும். மந்திரசாலையின் தரை கருப்பு. சிரட்டைக் கரியும் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துத் தேய்த்த தரை. வண்ண அப்பிரகச் சன்னல் வழியே விழும் வெளிச்சம் அதில் நீரில் விழுந்ததுபோல் கிடக்கும். ஆயிரக்கணக்கான செருப்புகள் நடந்திருந்தால் அந்தப் பளபளப்பு இன்றைக்கு இருக்குமா? மரமாளிகை தீயால் போகும், கறையானால் போகும், மனிதக் கையாலும் போகும். மூன்றையும் அங்கே கவனிக்கிறார்கள். திங்கட்கிழமை மூடுகிறார்கள். கட்டடத்துக்கும் ஓய்வு வேண்டும் என்று தெரிந்தவர்கள் செய்கிற வேலை அது.

அதைவிட முக்கியம், அந்த வீடு இன்னும் ஓய்வுபெறவில்லை. நவராத்திரிக்குச் சரஸ்வதி தேவி அங்கிருந்து திருவனந்தபுரத்துக்குப் புறப்படும்போது உப்பரிகை மாளிகையில் உடைவாளைக் கைமாற்றும் சடங்கு நடக்கிறது. வேளிமலை முருகனும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் கூடப் போகிறார்கள். காட்சிப்பொருள் ஆகிவிட்ட அரண்மனையில் ஆண்டுக்கு ஒரு நாளாவது பழைய வேலை நடக்கிறது. கட்டடத்தின் மேல் ஊருக்கு இருக்கும் உரிமை அதனால் அற்றுப்போகவில்லை.

அங்கும் எனக்கு ஒரு ஏக்கம் உண்டு. ஊட்டுப்புரையில் இரண்டு தளத்திலும் சேர்த்து 2000 பேர் உட்கார்ந்து சாப்பிடலாம் என்பார்கள். ஊறுகாய் வைத்த பெருஞ்சாடிகள் அங்கே நிற்கின்றன. அந்த அரிசியை ஊழியமாகச் சுமந்து வந்தவர்கள் அந்தப் பந்தியில் உட்கார முடிந்ததா? தோளை மறைக்கும் உரிமைக்காக 1859 வரை போராட வேண்டியிருந்த பெண்களின் நாடு அது. ஊட்டுப்புரைதான் அந்தக் கதையைச் சொல்லச் சரியான அறை.

இங்கிலாந்தை உதாரணம் காட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே 1895இல் தொடங்கிய நேஷனல் டிரஸ்ட், பிரபுக்களின் நாட்டுப்புற மாளிகைகளை 1930களின் கடைசியிலிருந்து ஏற்றுவருகிறது. வீட்டை மட்டும் கொடுத்தால் பெரும்பாலும் ஏற்காது, அதைக் காலத்துக்கும் காக்கப் போதுமான முதலையும் சேர்த்துக் கேட்கும். நுழைவுக் கட்டணம் கூரைக்குப் போதாது என்பது அவர்கள் கண்ட அனுபவம். 2020இல் தன் பொறுப்பிலுள்ள 93 இடங்களுக்கு அடிமை வணிகத்தோடும் காலனி ஆட்சியோடும் உள்ள தொடர்பை அறிக்கையாக வெளியிட்டது. பெரிய எதிர்ப்பு எழுந்தது. கிளைவ் குடும்பம் சேர்த்த பொருள்களும் திப்பு சுல்தானின் கூடாரமும் இருக்கிற போவிஸ் கோட்டையும் அந்த டிரஸ்டின் பொறுப்பில்தான் இருக்கிறது.

ஆனால் அவர்களுக்கும் நமக்கும் ஒரு பெரிய வித்தியாசம். அங்கே வீட்டோடு தோட்டமும் பண்ணையும் காடும் சேர்ந்து நிற்கின்றன. இங்கே 1948 சட்டம் நிலத்தைப் பிரித்தது. பிரித்தது நியாயம். அதனால் அரண்மனை மட்டும் தனியாக நிற்கிறது, அதை ஊட்டிய வயல் வேறு பட்டாவில் இருக்கிறது. சிங்கம்பட்டி ஜமீன் இதற்கு ஒரு உதாரணம். அங்கே கடைசி ஜமீன்தார் முருகதாஸ் தீர்த்தபதி 2020இல் மறையும் வரை அந்த வீட்டுக்கு ஒரு முகம் இருந்தது. ஆனால் சிங்கம்பட்டி ஜமீனின் முழு வரலாறு மலைமேல் மாஞ்சோலையில் இருக்கிறது. 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்த 8,374 ஏக்கர் காடு, அதில் தேயிலை பறித்த தலைமுறைகள், கூலி கேட்டு ஊர்வலம் போய் 1999 ஜூலை 23இல் தாமிரபரணியில் மாண்ட 17 பேர். அரண்மனையைப் பார்த்துவிட்டு மாஞ்சோலையைப் பார்க்காதவர் சிங்கம்பட்டியைப் பாதிதான் பார்த்தவர்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். உசிலம்பட்டிச் சீமையின் வரலாறு அரண்மனைக்குள் எழுதப்பட்டது அல்ல. குற்றப் பரம்பரைச் சட்டத்தில் ரேகை வைக்க மறுத்து 1920 ஏப்ரல் 3இல் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிக்கு இரையான 16 பேரில் மாயக்காளும் ஒருத்தி. அவர்கள் நினைவுத்தூண் நிற்கும் ஊரிலிருந்து சில மைல் தூரத்தில், தூசி தட்டிய ஊஞ்சலையும் வாளையும் மட்டும் காட்டி டிக்கெட் கிழித்தால் நாமே நம் பிள்ளைகளுக்குப் பாதிக் கதை சொன்னவர்களாவோம். எனவே என் தீர்ப்பு: அரண்மனையை விடுதியாக்க வேண்டாம், தனி அருங்காட்சியகமாகவும் ஆக்க வேண்டாம். பத்மநாபபுரத்தின் பராமரிப்பும், மகாலின் திறந்த வாசலும், செட்டிநாட்டின் கைவேலையும் சேர்ந்தால்தான் திறக்கலாம். பத்து ஆண்டுக்கு ஓடு மாற்றவும் சுண்ணாம்பு பூசவும் பணம் முதலில் வங்கியில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அளந்து, படமெடுத்து, ஓலைகளையும் கணக்கேடுகளையும் ஆவணக் காப்பகத்தில் சேர்த்துவிட்டுக் கதவை மூடிவைப்பதே மேல். அரைகுறையாகத் திறந்த வீடு பூட்டிய வீட்டைவிட வேகமாக அழியும்.

பணம் இருந்து திறக்கிறோம் என்றால், வாரிசுகள் சம்மதத்தோடு வீட்டின் ஒரு பகுதியில் நூலகமோ தையல் பயிற்சியோ தினமும் நடக்கட்டும், கூரையை அங்கே வருகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பார்க்க வருகிறவரைக் கொலுமண்டபத்துக்குக் கூட்டிப்போக அவசரம் வேண்டாம். கண்மாய் மடையில் தொடங்கி, களத்து வழியாக, குதிர் இருந்த அறைக்குப் பின்வாசலால் அழைத்து வாருங்கள். நெல் வந்த வழி அது. அங்கிருந்து கணக்குப்பிள்ளையின் அறை. எத்தனை கோட்டை அளந்தார்கள், யாருக்குப் பாக்கி, மழை பொய்த்த ஆண்டில் யார் ஊரைவிட்டுப் போனார்கள் என்று ஏட்டில் இருப்பதை வாசித்துக் காட்டுங்கள். கொலுமண்டபத்தைக் கடைசியாகப் பார்க்கட்டும்.