தன்னை மனிதன் என்று எண்ணிய ராமன்

சீதை தீயில் இறங்கியதும் பிரமன் முதலான தேவர்கள் ராமன்முன் வந்து நிற்கிறார்கள். உலகங்களுக்கெல்லாம் தலைவனான நீ சாமானியனைப்போல் இவளைக் கைவிடலாமா என்று கேட்கிறார்கள். வால்மீகியின் ராமன் சொல்லும் பதில் சுருக்கமானது. தசரதன் மகனான மனிதன் என்றே தன்னை நினைத்திருப்பதாகச் சொல்லி, உண்மையில் தான் யார் என்று பிரமனிடமே கேட்கிறான். நீ நாராயணன் என்கிறான் பிரமன். ராமனின் தெய்வத்தன்மை பற்றி நூறாண்டுக்கு மேலாக நடந்துவரும் வழக்கில் இரு தரப்புக்கும் சாட்சி இந்த இடம்தான்.

ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் யாக்கோபி 1893-இல் ஒரு தீர்ப்பு எழுதினார்: முதல் காண்டமும் கடைசிக் காண்டமும் பிற்சேர்க்கை, இடையில் உள்ள ஐந்தில் ராமன் மானிட வீரன். பெல்ஜியத்திலிருந்து வந்த ஏசு சபைத் துறவி காமில் புல்கே இந்தியில் எழுதி 1950-இல் வந்த 'ராம்கதா'வும் அவதாரக் கருத்தைப் பிந்தையது என்றே கொள்கிறது. இந்த வழியில் ஒரு வசதி இருக்கிறது. ஐந்து காண்டங்களுக்குள்ளும் கடவுள் தலைகாட்டும் சுலோகங்கள் உண்டு. அவற்றையும் இடைச்செருகல் என்று சொல்லிவிட்டால் போதும். ஆனால் 1960 முதல் 1975 வரை பரோடாவில் வெளிவந்த ஆய்வுப் பதிப்பில் பிரமனின் பேச்சு நீக்கப்படாமல் நிற்கிறது. கிடைத்த சுவடிகள் காவியத்துக்குப் பல நூற்றாண்டு பிந்தியவை. எனவே அந்தப் பேச்சு வால்மீகி வாக்கு என்று இதனால் நிரூபணம் ஆகிவிடாது. சுவடிச் சான்றை வைத்து அதை வெட்ட முடியாது என்பது மட்டும் உறுதி.

1984-இல் சமஸ்கிருத அறிஞர் ஷெல்டன் போலாக் கேள்வியையே திருப்பிப் போட்டார். தன்னைக் கொல்லக் கூடாதவர்களைச் சொல்லி ராவணன் வரம் கேட்டபோது மனிதரை ஒரு பொருட்டாக எண்ணாமல் விட்டுவிட்டான். ஆகவே அவனைத் தேவனாலும் கொல்ல முடியாது, வெறும் மனிதனாலும் ஆகாது. இரண்டுமான ஒருவன் வேண்டும். அந்த இடத்தில் நிற்பவன் அரசன். வாலிக்குப் பதில் சொல்லும்போது ராமனே, அரசர்கள் மனித வடிவில் உலவும் தேவர்கள் என்கிறான். கதையின் எலும்பிலேயே தெய்வம் இருக்கிறது என்ற இந்த வாதம் யாக்கோபியுடையதைவிட வலுவானது என்பது என் கணிப்பு. ஆனால் ஆரணிய காண்டத்தில் ராமன் அழும் அழுகைக்கு அது முழு விளக்கம் ஆகாது. கடம்பு, வில்வம், மருது, பனை என்று மரம் மரமாகப் போய்ச் சீதையைப் பார்த்தாயா என்று கேட்கிறான். மானைக் கேட்கிறான். பிறகு உலகத்தையே அழிப்பேன் என்று வில்லை எடுக்கிறான். லட்சுமணன்தான் அவனை ஆற்ற வேண்டியிருக்கிறது. வரத்தின் நிபந்தனைக்கு ஒரு மனித உடல் போதும். இத்தனை துயரம் தேவையில்லை.

பின்வந்த பக்தி நூல்களுக்கு இந்த அழுகை பெரிய சங்கடம். அத்யாத்ம ராமாயணத்தில் ராமன் எல்லாம் அறிந்தவன். ராவணன் வருமுன்பே சீதையை அக்கினியில் மறைத்துவிடுகிறான். கடத்தப்படுவது மாயா சீதை. துளசிதாசரும் 1574-இல் தொடங்கிய 'ராமசரிதமானஸ்' நூலில் இதே வழியில் போகிறார். ராமன் அழுவது அங்கே லீலை. சீதையின் மானத்தைக் காக்க வந்த உத்தி இது; ராமனின் அறியாமையையும் அதே கையோடு அகற்றிவிட்டது.

கம்பன் மாயா சீதையிடம் போகவில்லை. ராவணன் தொடாதபடி நிலத்தோடு பெயர்த்தெடுக்கச் செய்தான். அவனுடைய வாலி, மார்பில் தைத்த அம்பில் ராமன் பெயரைப் படித்துவிட்டுத்தான் ஏசுகிறான். மறைந்து நின்று எய்தது என்ன அறம் என்று கேட்ட அதே வாய், சற்று நேரத்தில் அவனைப் பரம்பொருள் என்று துதிக்கிறது. துதித்த பிறகும் வாலி அண்ணனாகவே பேசுகிறான்: கள் குடித்துத் தம்பி ஏதும் தவறு செய்தால் இந்த அம்பை அவன்மேல் ஏவிவிடாதே. ராமனைக் கடவுள் என்று கண்டுகொண்டவன் அந்தக் கடவுளிடமே கேட்கும் வாக்குறுதி இது.

தமிழில் இதற்கு முந்தைய தடங்களும் உண்டு. அகநானூற்றின் 70-ஆம் பாட்டில் ராமன் கோடி என்னும் கடல்துறையின் ஆலமரத்தடியில் மறைபொருள் ஆராயும்போது பறவைகளின் ஒலியை அடக்குகிறான். புறநானூற்றின் 378-ஆம் பாட்டில் சீதையின் நகைகளைக் குரங்குகள் இடம்மாற்றி அணிகின்றன. இரண்டும் வேறொன்றுக்கு உவமையாக வருபவை. இரண்டிலும் அவதாரம் பற்றிப் பேச்சில்லை. சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவைக்கு வரும்போது ராமன் திருமாலாகவே பாடப்படுகிறான். இந்த இடைவெளியில் நடந்ததை வடமொழி ஆய்வுகள் பெரும்பாலும் தங்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. சங்கப் பாட்டில் வராததாலேயே அன்றைய தமிழர் அவனைத் தெய்வமாக அறியவில்லை என்று முடிவுகட்டுவதும் அவசரம்தான். உவமைக்கு வேண்டிய அளவே புலவர் எடுத்துக்கொள்வார்.