எழுத்துரு இழந்த எழுத்து: முதற்கால இணையத் தன்னெழுத்தும் பாடத் திறனாய்வின் தேவையும்

முன்னுரை

1990களின் நடுப்பகுதி தொடங்கி 2000களின் இறுதி வரை, தமிழர் பலர் தம் அன்றாட வாழ்வையும் நினைவுகளையும் வாசிப்பையும் இணையத்தில் தாமே எழுதித் தாமே வெளியிட்டனர். பதிப்பாசிரியரோ அச்சகமோ இடையில் இல்லாத இவ்வெழுத்தை இக்கட்டுரை 'தன்னெழுத்து' என்று குறிக்கிறது. இது பற்றி இதுவரை நிகழ்ந்த உரையாடல் பெரும்பாலும் இரு வகைப்படும். ஒன்று, கணித்தமிழ் வளர்ச்சியின் வரலாறு. மற்றொன்று, இவ்வெழுத்து இலக்கியமாகுமா என்னும் வழக்கு. முதலாவது கருவியைப் பேசி எழுத்தை விடுகிறது. இரண்டாவது எழுத்தைப் பேசிக் கருவியை விடுகிறது. இவ்விரண்டும் பிரிக்க இயலாதவை என்பதும், அதனால் பாடத் திறனாய்வு நிகழாமல் இவ்வெழுத்தின் இலக்கியத் திறனாய்வு தொடங்க இயலாது என்பதும் இக்கட்டுரையின் கருத்து. புலம்பெயர் வாழ்வின் ஓர் எல்லைப்புறமாகிய ஆக்லாந்து நகரின் த்ரீ கிங்ஸ் பகுதி இக்கருத்தைச் சோதித்துப் பார்க்கும் இடமாகக் கொள்ளப்படுகிறது.

கண்டடைதலே பொருளாக

சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் 1995இல் தமிழ் எழுத்து இணையப் பக்கத்தில் இடம்பெற்றது. அவர் சிறுகதை ஆசிரியரும் ஆவார் என்பது தற்செயலன்று. முதற்காலத்தில் தமிழ் எழுத்தைக் கணினிக்குக் கொண்டுவந்தோர் பலர் எழுத வேண்டும் என்னும் வேட்கையால் உந்தப்பட்டவர்கள். மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரத்தின் மயிலை எழுத்துரு, கனடாவில் உருவான ஆதமி ஆகியவை தமிழ்நாட்டுக்கு வெளியே பிறந்தவை. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், வெவ்வேறு நாடுகளில் வாழ்ந்த தன்னார்வலர்களின் தட்டச்சு உழைப்பால் வளர்ந்தது.

இச்சூழலில் தமிழில் எழுதப் புகுந்த தனிமனிதர், முதலில் தமது எழுத்து திரையில் தோன்றுகிறதா என்பதையே எழுதிப் பார்த்தார். 'இது ஒரு சோதனை' என்னும் தொடக்கம் அக்காலத் தன்னெழுத்தில் ஒரு மரபாகவே நிலைத்தது. விசைப்பலகை பழகியது, நண்பர் அனுப்பிய எழுத்துரு பொருந்தாமற் போனது, ஒருநாள் திடீரெனத் தமிழ் தெரிந்தது ஆகியன திரும்பத் திரும்ப விவரிக்கப்பட்டன. தொழில்நுட்ப அலுப்பு என்று இவற்றைத் தள்ளிவிட்டு, பின்வரும் ஊர் நினைவையோ திரைப்படக் குறிப்பையோ மட்டும் படிப்பது தவறான வாசிப்பாகும். பள்ளி நாளுக்குப் பின் இருபது ஆண்டுகள் தமிழில் எழுதாதிருந்த ஒருவர், 'அ' என்னும் எழுத்தைத் திரையில் கண்டதைச் சொல்வது, மொழியோடு மீண்டும் உறவு கொண்டதைச் சொல்வதாகும். கருவியைக் கண்டடைந்த கதையும் தன்னைக் கண்டடைந்த கதையும் அங்கே ஒரே வாக்கியத்தில் நிகழ்கின்றன.

எழுதும் சூழலும் எழுத்தின் அளவைத் தீர்மானித்தது. தமிழ்நாட்டு இளைஞர் பலர் மணிக்கணக்கில் பணம் கட்டிப் பிரவுசிங் சென்டரில் எழுதினர். நியூசிலாந்தில் 1990இல் தொலைபேசித் துறை தனியாருக்கு விற்கப்பட்டபோது, வீட்டு இணைப்புகளின் உள்ளூர் அழைப்புகளுக்குத் தனிக் கட்டணம் கூடாது என்னும் நிபந்தனை காக்கப்பட்டது. ஆகவே தொலைபேசி வழி இணைப்பு மெதுவாக இருந்தபோதும், இரவு முழுதும் அதைத் திறந்து வைக்க இயன்றது. ஒரு பதிவு சுருங்குவதற்கும் நீள்வதற்கும் நடையை மட்டும் காரணம் காட்டும் திறனாய்வு, இத்தகைய கட்டண விதிகளையும் அறிந்திருத்தல் வேண்டும்.

எழுத்துரு அறிவிப்பும் பாயிரமும்

முதற்காலத் தமிழ்ப் பக்கங்களின் தலைப்பில் ஓர் அறிவிப்பு காணப்படும். இப்பக்கத்தைப் படிக்க இன்ன எழுத்துரு தேவை. அதனை இவ்விடத்திலிருந்து இறக்கி நிறுவிக்கொள்க என்பது அதன் சாரம். அச்சு நூலில் இதற்கு இணையான உறுப்பு இல்லை. ஆனால் தமிழ் இலக்கண மரபில் உண்டு. நூலுக்கு முன் நிற்கும் சிறப்புப் பாயிரம் ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் ஆகிய எட்டையும் உணர்த்த வேண்டும் என்கிறது நன்னூல். எழுத்துரு அறிவிப்பு இவற்றுள் எல்லையையும் கேட்போரையும் மிகத் துல்லியமாக உணர்த்துகிறது. எந்த எழுத்துருவைக் கேட்கிறது என்பதைக் கொண்டே, அப்பக்கம் எந்தத் தமிழ்ச் சமூகத்தை நோக்கிப் பேசுகிறது என்று பெரும்பாலும் ஊகிக்கலாம். பாமினி எழுத்துருவைக் கேட்கும் பக்கம் ஈழத்தமிழ்ப் புலம்பெயர் வாசகரை முன்னிறுத்தியது. திஸ்கி குறியாக்கத்தைக் கேட்கும் பக்கம், நாடு கடந்த பொதுத் தரம் ஒன்றை நாடிய தன்னார்வலர் வட்டத்தைச் சுட்டியது. தாப், தாம் ஆகியவை 1999 பிப்ரவரியில் சென்னையில் நிகழ்ந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழ்நாட்டு அரசின் ஏற்பைப் பெற்றவை.

எனவே ஒரு பக்கத்தை ஒருங்குறிக்கு மாற்றும்போது அதன் எழுத்துரு அறிவிப்பை 'இனித் தேவையில்லை' என்று நீக்குவது, பாயிரத்தைக் கிழித்தெறிந்து நூலைப் பதிப்பிப்பதற்கு ஒப்பாகும்.

ஏட்டின் சிக்கலும் குறியாக்கத்தின் சிக்கலும்

ஒருங்குறியின் முதற்பதிப்பு 1991இலேயே தமிழுக்கு இடமளித்தது. எனினும், விண்டோஸ் 2000 வெளிவந்து, அதன்பின் எக்ஸ்பி பரவிய பிறகே பொதுப் பயனர் கணினியில் அது நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது 2010இல்தான். இடைப்பட்ட காலத்து எழுத்து பல்வேறு குறியாக்கங்களில் சிதறிக் கிடக்கிறது.

உரிய எழுத்துரு இல்லாத கணினியில் பாமினிப் பக்கம் ஒன்றைத் திறந்தால், 'தமிழ்' என்னும் சொல் நான்கு ஆங்கில எழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவும் தோன்றும். திஸ்கிப் பக்கத்தில் அதே சொல் முக்கால் என்னும் பின்னக் குறியில் தொடங்கி, இடையில் சென்ட் நாணயக் குறியைக் கொண்டு நிற்கும். சில பக்கங்கள் இயங்கு எழுத்துருவை வழங்கியிலிருந்து தாமாகவே இறக்கிக் காட்டின. அவ்வழங்கி நின்றதும் பக்கத்தின் பிரதி எஞ்சினாலும் எழுத்து எஞ்சவில்லை. 1830களில் வில்லியம் கொலன்சோ மாவோரி மக்களிடம் கண்ட, இன்று வெலிங்டனில் தே பாப்பா அருங்காட்சியகத்தில் உள்ள தமிழ்க் கப்பல் மணியை இங்கு நினைக்கலாம். உருளைக்கிழங்கு வேகவைக்கும் கலமாகப் பயன்பட்ட அதன் மேல் கப்பல் உடையவரின் பெயர் தமிழில் பொறிக்கப்பட்டிருந்தது. பொருள் காக்கப்பட்டது; ஆனால் வாசகம் தமிழ் அறிந்தவரை அடையும் வரை காத்திருந்தது.

குறியாக்க மாற்றியை இயக்கிவிட்டால் சிக்கல் தீர்ந்தது என்று கருதுவோர் உண்டு. அது முழுவதும் சரியன்று. திஸ்கி கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுத்தைச் சேமிக்கிறது. 'கொ' என்பதில் முதலில் கொம்பு, பின் ககரம், பின் கால். ஒருங்குறியோ ஒலி வரிசையைப் பின்பற்றி, ககரத்தையும் அதனை அடுத்து ஒகரக் குறியையும் வைக்கிறது. முன்னது கை எழுதும் வரிசை. பின்னது நா ஒலிக்கும் வரிசை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது ஐயத்துக்குரிய இடங்களில் இயந்திரம் முடிவெடுக்கிறது. ஔகாரக் குறியின் இறுதியுறுப்பு ளகரம் போன்றே தோன்றுவதால், எழுதியவர் அவ்விடத்தில் ளகரத்தைத் தட்டியிருந்தால் 'கௌரவம்' என்பது 'கெளரவம்' ஆகிவிடும். திரையில் வேறுபாடு தெரியாது. தேடும்போது சொல் கிடைக்காது.

இது தமிழ்ப் பதிப்புலகுக்குப் புதிய இடர்ப்பாடன்று. ஏட்டுச்சுவடியில் புள்ளி இடப்படாது. எகர ஏகார வேறுபாடு காட்டப்படாது. ரகரமும் காலும் ஒன்றுபோல் நிற்கும். சி. வை. தாமோதரம் பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் 1887இல் முறையே கலித்தொகையையும் சீவக சிந்தாமணியையும் அச்சேற்றியபோது எதிர்கொண்டவை இத்தகைய ஐயங்களே. பொருள் நோக்கியும் யாப்பு நோக்கியும் ஒரு வடிவைத் தேர்ந்து, ஏனையவற்றைப் பாட வேறுபாடாகக் காட்டும் நெறி அவ்வழியில் வளர்ந்தது. இணையத் தன்னெழுத்துக்கு யாப்பின் துணை இல்லை. ஏறத்தாழ ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே 'ஏடு' மட்டுமே உண்டு. ஆகவே, எந்த மாற்றியால் எப்போது மாற்றப்பட்டது என்னும் குறிப்பும், மாற்றத்துக்கு முற்பட்ட மூலக் கோப்பும் இல்லாத மின்பதிப்பைத் திறனாய்வுக்கு ஆதாரமாகக் கொள்ளலாகாது. எழுதியவரின் பிழை, எழுத்துருவின் குறை, மாற்றியின் தவறு ஆகிய மூன்றையும் பிரித்தறிய இயலாதவர், அவர் நடையைப் பற்றித் தீர்ப்புக் கூறும் தகுதியைப் பெறுவதில்லை.

வைப்பகத்தின் எல்லை

த்ரீ கிங்ஸ் பகுதி தன் பெயரை எரிமலைக் கூம்புகளால் பெற்றது. மாவோரி மொழியில் தே தாத்துவா ஆ ரியுகியுதா எனப்படும் அவ்விடத்தில், சாலைக்கும் கட்டுமானத்துக்கும் கல் அகழப்பட்டதில் மூன்று பெருங்கூம்புகளுள் ஒன்றே இன்று நிலைத்துள்ளது. மவுண்ட் ராஸ்கில் வட்டாரத்து நூலகம் இங்கேதான் அமைந்துள்ளது. சுற்றிலும் தெற்காசியக் குடும்பங்கள் மிகுதி. இப்பகுதியில் வாழும் ஒருவர் 2004இல் தமிழில் ஒரு தன்னெழுத்துப் பக்கத்தைத் தொடங்கியிருந்தால், அதைக் காக்கும் கடமை எவருக்கு உரியது?

நியூசிலாந்தின் 2003ஆம் ஆண்டுத் தேசிய நூலகச் சட்டம், இணைய ஆவணங்களையும் சேகரிக்க வழிசெய்தது. உலக நாடுகள் பலவற்றுக்கும் முன்னோடியான சட்டம் அது. 2008இல் அந்நூலகம் நாட்டின் இணையப் பரப்பை ஒட்டுமொத்தமாக அறுவடை செய்தது. ஆனால் அவ்வறுவடையின் அளவுகோல் நாட்டுக்குரிய களப்பெயரும் நாட்டில் இயங்கும் வழங்கியுமே. தமிழர் பெரும்பாலும் எழுதியது அமெரிக்க நிறுவனங்களின் இலவச இடங்களில். தெரிவு செய்து சேர்க்கும் வழியும் உண்டு. ஆயினும் அதன் மதிப்பை அறிந்து சுட்ட ஒருவர் வேண்டும். இந்தியாவின் 1954ஆம் ஆண்டு நூல் ஒப்படைப்புச் சட்டமோ அச்சிட்டவற்றை மனத்திற்கொண்டு இயற்றப்பட்டது; எழுதியவரும் இந்திய மண்ணில் இல்லை. ஈழத்தமிழ் ஆவணங்களைப் பேண 2005இல் தொடங்கிய நூலகம் போன்ற தன்னார்வ அமைப்புகளின் முதற்கவனம் நூலும் இதழுமாக இருந்தது இயல்பே. நாடுகளின் எல்லைக்கோட்டில் வகுக்கப்பட்ட ஒப்படைப்பு முறையில், எல்லை கடந்து எழுதியவரின் எழுத்துக்கு ஊர் இல்லை.

எஞ்சியிருப்பது வணிக நிறுவனங்களின் விருப்பம். 1999இல் யாஹூ வாங்கிய ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டது. அதிலிருந்த தனிப்பக்கங்களுள் ஒரு பகுதியை இணைய ஆவணகமும் தன்னார்வலர்களும் பிரதி எடுத்தனர். அவற்றுள் தமிழ்ப் பக்கங்களைத் தேடிப் பிரித்தெடுப்பது, குறியாக்கச் சிக்கலாலேயே கடினமாகிறது. தமிழ் என்று அடையாளம் காணத்தக்க ஓர் எழுத்தும் அக்கோப்புகள் பலவற்றில் இல்லை.

மறுப்பும் விடையும்

இவ்வெழுத்துகள் அற்பமானவை, காக்கத்தக்கன அல்ல என்பது ஒரு மறுப்பு. இதற்கு விடை காலக்குறிப்பிலேயே உள்ளது. இலங்கையில் போர்நிறுத்த உடன்படிக்கை கையெழுத்தானது 2002 பிப்ரவரியில். ஆழிப்பேரலை வந்தது 2004 டிசம்பர் 26இல். போர் முடிந்தது 2009 மே மாதத்தில். தனிமனிதத் தமிழ் இணைய எழுத்து பெருகிய ஆண்டுகளும் இவையே. அவற்றைத் திரட்டிக் காட்டிய தமிழ்மணம் 2004இல் தொடங்கியது. அச்சிதழ்கள் நிகழ்ச்சியைச் சொன்னவேளை, தொலைவில் இருந்தவர்கள் காத்திருப்பைச் சொன்னார்கள். தொலைபேசி எடுக்கப்படாத ஓர் இரவைப் பற்றிய நான்கு வரி, இலக்கியத் தரத்தால் எளியதாயினும் வேறெந்த ஆவணமும் தராத சான்றாகும்.

இரண்டாம் மறுப்பு இதைவிட வலியது. புனைபெயரில் எழுதியவர், தம் எழுத்தைத் தாமே அழித்தவர், இன்று அதை நினைவுகூர விரும்பாதவர் ஆகியோரின் எழுத்தை ஆய்வின் பெயரால் மீட்பது முறையா? ஏட்டுச்சுவடிப் பதிப்பாசிரியருக்கு எழாத இவ்வினா இங்கு எழுந்தே ஆக வேண்டும். காப்பதும் வெளியிடுவதும் வேறு. மூடிய வைப்பில் காத்து, எழுதியவரோ உரியவரோ இசைந்தபின் வெளியிடுவதே நெறி. புனைபெயரைத் துருவி இயற்பெயரை வெளிப்படுத்துவது ஆய்வாகாது.

முடிவுரை

முதற்கால இணையத் தன்னெழுத்தை மதிப்பிடுமுன் செய்யவேண்டியவை மூன்று. மூலக் கோப்பை அதன் எழுத்துருவோடும் அறிவிப்போடும் சேர்த்துக் காத்தல். ஒருங்குறிக்கு மாற்றும்போது மாற்றக் குறிப்பும் பாட வேறுபாடும் தருதல். நாட்டெல்லையால் அன்றி மொழியால் வரையறுக்கப்பட்ட ஒப்படைப்பு இடம் ஒன்றைப் பல்கலைக்கழகங்களும் தமிழமைப்புகளும் கூடி அமைத்தல். முதல் இரண்டும் புலமையாளர் கையில் உள்ளன. மூன்றாவது, பல நாட்டினர் ஒருங்கே கூடும் ஆய்வு மாநாடுகள் எடுத்துச் செய்யத்தக்கது. அன்று இளைஞராக எழுதியவர்கள் பலர் இன்று நடுவயதினர். தம் பழைய வட்டுகளையும் எழுத்துருக்களையும் இன்னும் வைத்திருப்போர் அவர்களுள் உண்டு. உ. வே. சாமிநாதையர் ஏடு தேடிச் சென்ற வீடுகளில் ஏட்டை எழுதியவர் இருக்கவில்லை. இங்கு எழுதியவரையே கேட்க இயலும். அந்த வாய்ப்பு ஒரு தலைமுறைக்கே உரியது.