குழாய்க்குள் வந்த வேரும் வராத வேரும்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்களுக்குக் கீழ்ப்புத்துப்பட்டு என்றால் ஐயனார் கோயில். தாவரம் படித்தவர்களுக்கோ அந்தக் கோயிலை ஒட்டி நிற்கும் காடு. சித்திரை வெயிலில் திண்டிவனம் பக்கத்துக் கரம்புகள் காய்ந்து வெளுத்துக் கிடக்கும்போதும் அது பச்சையாகவே நிற்கும். மரக்காணம் காப்புக்காடும் அதே வகைதான். ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையோடு முடிந்துவிடும் கடற்கரையில், காயாவும் வீரையும் கருங்காலியும் பல மாத வறட்சியை இலையோடு கடந்துவிடுகின்றன. சாம்பியனும் சேத்தும் 1968-ல் வெளியிட்ட இந்தியக் காடுகளின் வகைப்பாட்டில் இதற்குத் தனி இடமே உண்டு: வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு.

இந்தக் காடுகளின் மேல்பகுதி நிறையவே எழுதப்பட்டுவிட்டது. பிளாஸ்கோவும் லெக்ரியும் 1973-ல் கோடியக்கரையையும் மரக்காணத்தையும் சேர்த்து எழுதினார்கள். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் என். பார்த்தசாரதியும் அவர் மாணவர்களும் 1990-கள் முதல் மரங்களையும் கொடிகளையும் எண்ணி, அளந்து, பட்டியலிட்டார்கள். மண்ணுக்குக் கீழே பார்த்தவர்கள் குறைவு. அவர்களில் ஒருவர் என். விசாலாட்சி. மரக்காணம், புத்துப்பட்டு ஆகிய இரு காடுகளின் நுண்வேர் இயக்கத்தைப் பற்றிய அவருடைய கட்டுரை, இந்திய அறிவியல் அகாதெமியின் ‘ஜர்னல் ஆஃப் பயோசயின்சஸ்’ இதழில் 1994-ல் வெளிவந்தது. விழுப்புரம் மாவட்டத்து மண் உலக வேர்ச் சூழலியலின் கணக்கில் ஏறியது இப்படித்தான். அதனால் அந்த ஆய்வையும், அது கையாண்ட முறையையும், அத்தகைய உழைப்பை நாம் எடைபோடும் விதத்தையும் சேர்த்தே விசாரிக்க வேண்டியிருக்கிறது.

முறை பார்க்க எளிது. இரும்புக் குழாயை மண்ணில் அடித்து இறக்கி, உள்ளே சிக்கிய மண் உருளையை அப்படியே எடுக்க வேண்டும். தண்ணீரில் ஊறவைத்து, சல்லடையில் போட்டுக் கழுவி, மிஞ்சும் வேர்த்துணுக்குகளை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். வெளிறிய நிறமும் வளைத்தால் உடையாத தன்மையும் இருந்தால் உயிருள்ள வேர். கறுத்து, தொட்டால் நொறுங்கி, தோல் கழன்று வந்தால் செத்த வேர். தடிமன்வாரியாகப் பிரித்து, அடுப்பில் உலர்த்தி, எடை பார்த்து, ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று எழுத வேண்டும். இதையே மாதக்கணக்கில், இரண்டு காடுகளில், மழையிலும் கோடையிலும் செய்ய வேண்டும். ஒரே ஒரு உருளையைக் கழுவிப் பொறுக்கவே அரை நாள் போய்விடும் என்பதைச் செய்து பார்த்தவர்கள் அறிவார்கள். வேர் ஆராய்ச்சியாளரின் பட்டியலில் கட்டுரைகள் குறைவாக இருப்பதற்குச் சோம்பல் காரணமல்ல.

இந்த முறையின் பலம் அதன் நேர்மை. யார் செய்தாலும், எங்கே செய்தாலும் ஒப்பிடலாம். விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. சிறிய கல்லூரி ஆய்வகத்திலும் முடியும். மேல் மண்ணையே கிளறுகிறார்கள் என்ற குறையையும் ஓரளவு தாங்கும். ராபர்ட் ஜாக்சன் குழுவினர் 1996-ல் உலகெங்கும் நடந்த சுமார் 250 வேர் ஆய்வுகளைத் தொகுத்தபோது, சராசரியாக 75 விழுக்காடு வேர்கள் மேல் 40 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடுவதைக் கண்டார்கள். கோயில் காட்டில் நுண்வேர் காப்புக்காட்டைவிடக் கூடுதல் என்று விசாலாட்சியால் சொல்ல முடிந்ததும் இந்த எளிய குழாயால்தான். சாமிக்குப் பயந்து காடு பிழைத்தது என்று பொதுவாகச் சொல்லிவந்த பேச்சுக்கு மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த அளவு அது.

குறைகளும் குறைவில்லை. முதல் குறை கணக்கில். ஒரு மாதம் எடுத்த எடைக்கும் அடுத்த மாதம் எடுத்த எடைக்கும் உள்ள வேறுபாட்டைக் கூட்டித்தான் ஓர் ஆண்டில் எவ்வளவு வேர் வளர்ந்தது என்று சொல்கிறார்கள். விழுப்புரம் பேருந்து நிலையத்தில் காலையில் 500 பேர், மாலையிலும் 500 பேர் நின்றால், நடுவில் யாருமே வந்து போகவில்லை என்று ஆகிவிடாது. ஒருபக்கம் வேர் முளைக்க, மறுபக்கம் வேர் சாக, குழாய்க்கு இரண்டும் தெரியாமல் போகும். இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் சூழலியலாளர் ஜே. எஸ். சிங், வேறு மூவரோடு சேர்ந்து 1984-ல் ‘எக்காலஜி’ இதழில் கணினி மாதிரி வழியே அதைக் காட்டினார்: மாதிரி எடுப்பதில் நேரும் தற்செயலான ஏற்ற இறக்கங்களையும் கூட்டிவிட்டால், வளராத வேர் வளர்ந்ததாகக் கணக்கு வீங்கும். விசாலாட்சி இதை அறியாதவரல்லர். வேரில்லாத மண்ணைப் புதைத்து அதற்குள் புதிதாக நுழையும் வேரை அளக்கும் இரண்டாவது முறையையும் சேர்த்தே பயன்படுத்தினார். இரண்டும் ஒரே விடையைத் தரவில்லை. அதை மறைக்காமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததே அந்தக் கட்டுரையின் சிறப்பு என்பேன். ஆனால் எந்த விடையை நம்புவது என்ற கேள்வி வாசகரிடமே நின்றுவிடுகிறது.

இரண்டாவது குறை, யாருடைய வேர் என்று குழாய் சொல்லாது. கருங்காலியின் வேரும் கொடியின் வேரும் ஒரே எடையில் கரைந்துவிடுகின்றன. அதோடு, குறிப்பிட்ட மில்லிமீட்டருக்குக் குறைந்ததெல்லாம் நுண்வேர் என்ற பழைய வரையறையே இன்று ஆட்டம் கண்டிருக்கிறது. உறிஞ்சும் வேர், கடத்தும் வேர் என்று வேலையைப் பார்த்துப் பிரிக்க வேண்டும் என்று மெக்கார்மக் குழுவினர் 2015-ல் வாதிட்டார்கள். நிலத்தாவரங்களின் ஆண்டு உற்பத்தியில் நுண்வேரின் பங்கு 33 விழுக்காடு என்று 1997-ல் சொல்லப்பட்டது. புதிய பிரிப்பின்படி அது 22 ஆக இறங்கியது. வரையறை மாறினால் உலகக் கணக்கே மாறும் துறை இது.

மூன்றாவது குறை நம் காட்டுக்கே உரியது, பெரியதும்கூட. இந்தக் காடு ஏன் கோடையிலும் பசுமையாக இருக்கிறது என்பதுதான் இதன் மூலக் கேள்வி. விசாலாட்சியின் கட்டுரை வந்த அதே 1994-ல் டேனியல் நெப்ஸ்டாட் குழுவினர் ‘நேச்சர்’ இதழில் கிழக்கு அமேசானைப் பற்றி எழுதினார்கள். அங்கே ஐந்து மாதம்வரை நீளும் வறட்சியில் காடு இலையோடு நிற்பதற்கு, எட்டு மீட்டருக்கும் கீழே போகும் வேர்கள் இழுக்கும் நீரே காரணம் என்று குழி தோண்டிக் காட்டினார்கள். எடையில் அந்த ஆழ்வேர்கள் அற்பம். மரத்துக்கு அவைதான் உயிர். மரக்காணத்து மரங்களுக்கும் அப்படித்தானா? மேல் மண்ணை மட்டும் எடை போடும் முறையால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. நுண்வேரின் அளவு கிடைத்தது, காட்டின் புதிர் அப்படியே இருக்கிறது.

அறிவுலகத் தாக்கம் என்ற எடைக்கல்லுக்கு வருவோம். இத்தகைய ஆய்வு பெரும்பாலும் யாரோ ஒருவரின் உலகத் தொகுப்பில் ஒரு வரியாகச் சேரும். தொகுத்தவருக்கு ஆயிரக்கணக்கில் மேற்கோள் குவியும். மண்ணைக் கழுவியவருக்குச் சில. மேற்கோள் எண்ணிக்கையை வைத்து ஆராய்ச்சியாளரை அளப்பது, வேர் எடையை வைத்துக் காட்டை அளப்பதற்கு இணையான பிழை: இரண்டிலும் மேலே கிடப்பது மட்டுமே எண்ணப்படுகிறது.

உள்ளூரில் அந்த அறிவு எங்கே போய்ச் சேர்ந்தது என்ற அளவுகோலும் உண்டு. அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ஜான் வீவர் பயிருக்குப் பக்கத்தில் பள்ளம் தோண்டி, வேரைக் கிளைகிளையாக வெளிக்கொணர்ந்து படமாக வரைந்தார். வயல் பயிர்களின் வேர் வளர்ச்சியைப் பற்றிய அவருடைய நூல் 1926-ல் வந்தது. எழுத்தறியாத உழவனும் அந்தப் படத்தைப் பார்த்து, தன் பயிர் எந்த ஆழத்தில் தண்ணீர் தேடுகிறது என்று புரிந்துகொள்ளலாம். கிராம் கணக்கு அட்டவணைக்கு அந்த வசதி கிடையாது.

திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. டி.எம்.வி. என்ற எழுத்துகளோடு வரும் நிலக்கடலை ரகங்கள் அந்த ஊரின் பெயரைச் சுமப்பவை, டி.எம்.வி. 2 வெளியானது 1940-ல். இந்தப் பக்கத்து மானாவாரி நிலத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை போடுகிறவருக்கும், மரக்காணம் பக்கத்தில் சவுக்கு வைக்கிறவருக்கும் வேர்தான் பிழைப்பு. மல்லாட்டை வேர் முடிச்சில் ரைசோபியம், சவுக்கு வேர் முடிச்சில் ஃபிராங்கியா. காற்றிலிருக்கும் தழைச்சத்தை இரண்டும் பிடித்துத் தருகின்றன. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததை இந்தக் கடற்கரை மறக்கவில்லை. எந்த மரம் எந்த மண்ணில் எவ்வளவு பிடித்து நிற்கும் என்பது அப்போது எல்லாரும் கேட்ட கேள்வி. நுண்வேர் எடை அதற்குத் துணையாகலாம், தனியாகப் பதிலாகாது.

ஆக, தீர்ப்பு இதுதான். குழாய் முறை எறியத்தக்கதல்ல. அது தந்த 1994-ன் அளவு இனி யாராலும் திரும்பப் போய் எடுக்க முடியாத ஆவணம். அதையே முழு அறிவு என்று வைத்துக்கொண்டதுதான் தவறு. அதே இரு காடுகளில், அதே முறையில் மறுபடி அளந்தால் இடைப்பட்ட 30 ஆண்டுகளின் மாற்றம் தெரியும். கூடவே கோயில் காட்டுக்கு வெளியே ஓர் ஆழக்குழி, இனம் பிரித்தறிய மரபணுச் சோதனை, விவசாயி பார்த்துப் புரிந்துகொள்ளும் வேர்ப்படங்கள் என்று சேர்க்க வேண்டும். விழுப்புரம், திண்டிவனம் அரசுக் கல்லூரிகளின் தாவரவியல் மாணவர்களுக்கு இதைவிடப் பக்கத்தில், இதைவிடச் செலவு குறைந்த ஆய்வுப் பொருள் கிடைக்காது. வழிகாட்டும் பேராசிரியர்கள் அடுத்த ஆய்வேட்டுத் தலைப்பை இங்கிருந்து எடுக்கட்டும்.