பைத்தான் ஜன்னலில் கெடிலம் ஏன் உடைகிறது?

கடலூர் மாவட்டத்து ஆறுகளின் பெயர்களை எடுத்துக்கொள்ளுங்கள்: கெடிலம், தென்பெண்ணை, வெள்ளாறு, கொள்ளிடம். நாலிலுமே ஒற்றைக்கொம்பு இருக்கு. லினக்ஸில் பைத்தானோடு வரும் டிகின்டரை வைத்து ஒரு ஜன்னல் கட்டி, அதில் இவற்றை எழுதினால் நாலுமே உடையும்.

காரணம் எளிது. கணினிக்குள் ‘கெ’ என்பது முதலில் க, பிறகு கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. திரையில் வரையும்போது கொம்பைத் தூக்கி முன்னால் வைக்க ஒரு நிரல் வேண்டும். டிகின்டருக்கு அடியில் இருக்கும் டிகே 8.6, லினக்ஸில் அந்த வேலையைச் செய்வதில்லை. அதனால் கெடிலத்தின் கொம்பு ககரத்தைத் தாண்டிப் போய் டகரத்துக்குப் பக்கத்தில் நிற்கும். கடலூரின் ‘லூ’வும் தப்பாது.

யாரோ நாலு பேருக்கு வரும் பிரச்சினைதானே என்று இதைத் தள்ளிவிட முடியாது. தமிழ்நாட்டு 12ஆம் வகுப்பு கணினி அறிவியல் பாடம் 2019இல் பைத்தானுக்கு மாறியது. பாடநூல் காட்டும் ஐடில் எழுதுகருவியே டிகின்டரில் கட்டியதுதான். 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் கொடுத்தார்கள். சிதம்பரத்தில் தமிழ்வழியில் படிக்கிற ஒரு பிள்ளை லினக்ஸில் ஐடிலைத் திறந்து தன் ஊர் ஆற்றின் பெயரை எழுதினால், தமிழ் கணினியில் சரியா வராது போல என்றுதான் நினைக்கும்.

சரி, வேற நூலகத்துக்குப் போகலாமே? போகலாம். ஜிடிகே, க்யூடி, லினக்ஸில் ஜிடிகே மேல் நிற்கும் டபிள்யூஎக்ஸ் மூன்றும் தமிழை ஒழுங்கா வரையும். ஆனால் எதுவும் பைத்தானோடு சேர்ந்து வராது. தனியாகப் பொதி இறக்க வேண்டும். சிக்கலே அங்கதான்.

பைத்தான் 3.0 வந்தது 2008 டிசம்பரில். பைஜிடிகே அதற்கு மாறவே இல்லை. 2011இல் வந்த 2.24 வரிசையோடு நின்றுபோனது, அதன் இடத்துக்கு பைஜிஆப்ஜெக்ட் வந்தது. டபிள்யூஎக்ஸ்பைத்தான் 4.0.0 வெளிவர 2018 ஜனவரி ஆனது. இப்போது வருஷா வருஷம் அக்டோபரில் ஒரு புதிய பைத்தான் வருகிறது. டபிள்யூஎக்ஸ்பைத்தானில் ஒவ்வொரு பதிப்புக்கும் தனித்தனியாகப் பொதி கட்ட வேண்டும். பைபிஐ கிடங்கில் விண்டோஸுக்கும் மேக்குக்கும் கட்டிய பொதி இருக்கும், லினக்ஸுக்கு இருக்காது. பிப் கட்டளை கொடுத்தால் மூலநிரலை இறக்கி அங்கேயே தொகுக்க ஆரம்பிக்கும். சி++ தொகுப்பியும் ஜிடிகே உருவாக்கப் பொதிகளும் இல்லாத பள்ளிக்கூடக் கணினியில் கதை அதோடு முடிந்தது.

என் குறை இதுதான்: இதற்கு மருந்து 2011இல் வந்த பைத்தான் 3.2இலேயே இருக்கு. நிலையான இருமநிலை இடைமுகம் என்று ஒன்று. அதற்கேற்பக் கட்டிய பொதி அடுத்தடுத்த பதிப்புகளிலும் ஓடும். க்யூடிக்கான பைசைடு6 அப்படித்தான் வருகிறது. பைக்யூடியும் அப்படித்தான். பைக்யூடியும் டபிள்யூஎக்ஸ்பைத்தானும் ஒரே சிப் கருவியால்தான் உருவாகின்றன. ஆக, கருவியைச் சாக்குச் சொல்ல முடியாது. கையால் சேர்த்த நிரல்வரிகளை மாற்றும் உழைப்பு பெருசு, தன்னார்வலர்கள் சில பேர்தான் என்பது நியாயமான பதில். ஆனாலும் வருஷா வருஷம் திரும்பத் திரும்பக் கட்டுவதும் அதே சில பேரின் உழைப்புதானே?

அதுவரைக்கும் பள்ளிகளுக்கு வழி இரண்டு. இயங்குதளத்தோடு வரும் பைத்தானையே வைத்துக்கொண்டு, அதே இயங்குதளக் களஞ்சியத்தில் இருக்கும் பைஜிஆப்ஜெக்டை நிறுவலாம்; புதிய பைத்தானைத் தனியாக இறக்கினால் அது இந்தப் பொதியைக் கண்டுகொள்ளாது. புதுசுதான் வேண்டுமென்றால் பைசைடு6 போதும்; இறக்கும் அளவு மட்டும் பெருசு. பாடநூலின் அடுத்த பதிப்பில் இதற்கு ஒரு பத்தி ஒதுக்கினால், உடைந்த எழுத்துக்குக் காரணம் தமிழ் இல்லை என்பதாவது அந்தப் பிள்ளைக்குத் தெரியும்.