மூன்றாம் பருவமும் கேட்டலும்
(முதியோர்க்கான குளிர்கால இணையவழிச் சொற்பொழிவுகள் பற்றியதோர் ஆராய்ச்சி)

கல்விக்குரிய பருவம் இளமையே என்பது உலக வழக்கு. உடம்பு தளர்ந்தபின் அறிவும் தளருமாதலின் முதியோர்க்குக் கல்வி வேண்டா என்பாரும் உளர். சைவ சித்தாந்தம் இக்கூற்றை உடன்படாது. உயிர் அறிவித்தால் அறியும் இயல்பினது. அவ்வியல்பு உடம்பொடு தோன்றி உடம்பொடு மூப்பதன்று. கண் மங்கலாம், செவி மந்தமாகலாம், அவை கருவிகளின் குறையேயன்றி அறிவானின் குறையாகா. ஆதலின், முதியோர்க்குக் கல்வி உண்டோ என்பது சித்தாந்திக்கு ஐயமன்று. எதன்பொருட்டுக் கற்பது, எம்முறையாற் கற்பது என்னும் இரண்டே ஆராயத்தக்கன.

இவ்வாராய்ச்சிக்கு ஏற்றதொரு களம் இக்காலத்துப் பிரிட்டனில் உளது. பணியினின்றும் ஓய்வுபெற்றோர் தமக்குத் தாமே அமைத்துக்கொண்ட 'மூன்றாம் பருவப் பல்கலைக்கழகம்' என்னும் சங்கங்கள் அந்நாட்டில் 1000-க்கு மேற்பட்டன. டிசம்பர்த் திங்களின் கடைப்பகுதியில் இலண்டன் மாநகர் நாளொன்றுக்கு 8 மணி நேரத்தினும் குறைவாகவே பகலொளி காணும். வடக்கே செல்லச் செல்ல அதுவும் குறையும். பனி உறைந்த நடைபாதையில் வழுக்கி வீழ்தல் முதியோர்க்குப் பெருந்துன்பம் தருவது. 2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பெருந்தொற்றின் காரணமாக அந்நாட்டார் வீட்டினுள் அடங்கியிருக்க நேர்ந்தபொழுது, இச்சங்கங்களுட் பல 'சூம்' முதலிய கருவிகளின் வாயிலாகக் கூடத் தலைப்பட்டன. தொற்று நீங்கியபின்னும் அவ்வழக்கம் முற்றும் நீங்கிற்றிலது. குளிர்காலத்தில் இணையவழியாகத் தொடர் சொற்பொழிவுகளும் வகுப்புகளும் நடத்துதல் இன்று ஒரு நிலைத்த முறையாகியுள்ளது. வரலாறு, வானநூல், ஓவியம், இசை, பறவையியல் எனப் பல துறைப் பொருள்கள் அவற்றில் இடம்பெறும்.

இவ்வியக்கத்தின் பிறப்பு அறியப்படின் இதன் தன்மை இனிது விளங்கும். 1973-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுத் தூலூஸ் நகரில் பியர் வெல்லாஸ் என்னும் பேராசிரியர் முதியோர்க்கெனப் பல்கலைக்கழகத்தின் சார்பில் முதன்முதற் கல்வித்திட்டம் வகுத்தார். ஆண்டுப் பேராசிரியர் உரைப்பார், முதியோர் கேட்பார். 1982-ஆம் ஆண்டில் இக்கருத்துக் கேம்பிரிட்ஜில் வேரூன்றியபொழுது அதன் உருவம் மாறிற்று. பீட்டர் லாஸ்லெட் என்னும் வரலாற்றாசிரியரும், மைக்கேல் யங், எரிக் மிட்விண்டர் என்னும் அறிஞர்களும் அதற்கு முதல்வராயினர். பல்கலைக்கழகத்தின் துணையை எதிர்பாராது, கற்பிப்போர் கற்கவும் கற்போர் கற்பிக்கவும் வேண்டுமென்பது அவர் வகுத்த நெறி. சேர்தற்குத் தகுதிச்சான்று வேண்டப்படுவதில்லை. கற்றபின் பட்டம் வழங்கப்படுவதுமில்லை. முதுமையில் அறிவு தேயும் என்னும் கொள்கையை எதிர்த்தலும் லாஸ்லெட் கூறிய நோக்கங்களுள் ஒன்று.

அவர்தம் கொள்கையை 1989-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'வாழ்க்கையின் புதிய வரைபடம்' என்னும் நூலில் விரித்துரைத்தார். மக்கள் வாழ்வு நான்கு பருவங்களை உடைத்து என்பது அவர் துணிபு. முதலாவது, பிறரைச் சார்ந்து கல்வி பெறும் பருவம்; இரண்டாவது, பொருளீட்டிக் குடும்பப் பொறுப்பைத் தாங்கும் பருவம்; மூன்றாவது, பொறுப்பினின்றும் விடுபட்டுத் தன் விருப்பத்தை நிறைவேற்றிக்கொள்ளும் பருவம்; நான்காவது, மீண்டும் பிறரைச் சார்ந்து தளர்ந்து மடியும் பருவம். இவற்றுள் மூன்றாவதே வாழ்வின் மணிமுடி என்பது அவர் கருத்து. 25 வயதினருட் பாதிக்கு மேற்பட்டோர் 70 வயதை எய்தக்கூடிய நாட்டிலேதான் அப்பருவம் ஒரு சமுதாய உண்மையாகும் என்று அவர் அளவும் கூறினார். இப்பருவங்கள் பிறந்தநாட் கணக்கைப் பற்றியன அல்ல என்பதையும் அவர் மறவாது உரைத்தார்.

இக்கொள்கையிற் பாராட்டத்தக்கன மூன்று. முதியோரை இரக்கத்துக்குரிய சுமையாகக் கருதாது அறிவுடைய உயிர்களாகக் கருதியமை ஒன்று. பட்டத்தையும் பதவியையும் நோக்காது அறிவின்பொருட்டே கற்கவேண்டும் என்றமை மற்றொன்று. கற்பிப்போன் தானும் மாணவனே என்று நிறுத்தியமை மூன்றாவது. இம்மூன்றும் சைவ மரபினர் மகிழ்ந்து ஏற்றற்குரியன. பிறர் கொள்கையை ஆராயப் புகுவோர் முதற்கண் அதனை அவர் கூறியவாறே எடுத்து நிறுத்தவேண்டும் என்பதற்குச் சிவஞான சித்தியாரின் பரபக்கமே சான்று. அம்முறைபற்றி இதுகாறும் கூறியது லாஸ்லெட் கொள்கை. இனி, அதன்கண் ஐயுறத்தக்கன ஆராயப்படும்.

முதலாவது, கல்வியின் பயன் தன் விருப்பத்தின் நிறைவேற்றம் என்றது. விரும்பும் 'தான்' யாது என்பதை அக்கொள்கை வினவிற்றிலது. சித்தாந்தம் உயிரைச் சார்ந்ததன் வண்ணமாகும் இயல்பினது என்னும். பளிங்கு தன்னை அடுத்த நிறத்தைக் காட்டுமாறு போல, உயிர் எதனைச் சார்கின்றதோ அதன் தன்மையே தன் தன்மையாய் நிற்கும். நாற்பதாண்டு அலுவலிலும் குடும்பத்திலும் அழுந்திய உயிர் ஓய்வுபெற்ற மறுநாளே தன்னை அறிந்த உயிராய் நின்று விரும்பும் என்றல் பொருந்தாது. அது பழைய சார்பின் வாசனையாலேயே விரும்பும். கருவிகளால் உலகப்பொருளை அறிவது பாசஞானம். தன்னையே பொருளென்று அறிவது பசுஞானம். இவ்விரண்டின் எல்லையையும் காட்டி உய்விப்பது பதிஞானம். லாஸ்லெட்டின் மூன்றாம் பருவம் முதலதனை நிரம்பத் தருகின்றது. இரண்டாவதனை முடியாகச் சூட்டுகின்றது. மூன்றாவதன் வாயிலை அணுகிற்றிலது. வரலாற்றாசிரியர் ஒருவர் சமய முடிபைக் கூறவில்லை எனக் குறைகூறுதல் நேர்மையாகாது எனின், அது மெய்யே. ஆயினும் வாழ்வின் மணிமுடி இதுவென்று அவரே துணிந்தமையின், அத்துணிபு ஆராயப்படுவதும் நேர்மையே.

இரண்டாவது, நான்காம் பருவம் பற்றியது. அதனை வெறுந்தேய்வாகவே அவர் கண்டார். அது குறுகிக் கடையில் ஒடுங்குதலே நன்றென்பது அவர் நோக்கு. அங்ஙனமாயின், மூன்றாம் பருவத்துக் கற்ற கல்வி நான்காம் பருவத்தில் யாதாகும்? நினைவு தளர்ந்து, படுக்கை விட்டெழாது, பிறர் கையால் உண்ணும் ஒருவர்க்குக் கல்வியினாற் பயனில்லை என்பதே அதன் முடிபாகும். சித்தாந்த மரபோ மாயையைப் பொழுது புலரும்வரை எரியும் விளக்குக்கு ஒப்பிடும். உடம்பும் கருவிகளும் அவ்விளக்கின் கூறுகள். எண்ணெய் வற்றுங்கால் விளக்கு மங்கும். விளக்கு மங்குதல் விடியல் பொய்யென்பதற்குச் சான்றாகாது. விளக்கு எரியும்பொழுது எதனை நோக்கி இருந்தோம் என்பதே கருதத்தக்கது. கற்றதன் பயன் நினைவில் நிற்கும் செய்தியளவே எனின், அது நான்காம் பருவத்தில் இழக்கப்படும். கற்றதனால் உயிரின் சார்பு மாறிற்றெனின், அம்மாற்றம் நினைவின் தளர்ச்சியால் அழிவதன்று. முதியோர் கல்வியின் உயிர்நிலை இவ்வேறுபாட்டிலேயே உளது.

மூன்றாவது, முறை பற்றியது. கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடல் என ஞானத்துக்குப் படி நான்கு. சொற்பொழிவு தருவது கேட்டல் ஒன்றே. கேட்டலை இழித்துரைத்தல் தகாது; அஃது இன்றி ஏனைய மூன்றும் இல்லை. ஆயின் கேட்டலிலேயே நின்றுவிடுதல் வாயிலிலேயே நின்றுவிடுதலாகும். குளிர்காலத் தொடர்களுட் பலவற்றில் இவ்வாரம் உரோமர் சாலை, அடுத்த வாரம் வெள்ளிக்கோள், அதற்கடுத்த வாரம் நாடக வரலாறு எனப் பொருள் மாறிக்கொண்டே செல்லும். நூற்றுக்கணக்கானோர் தத்தம் வீட்டில் ஒலிவாங்கியை அடைத்துக்கொண்டு கேட்பர். இறுதியிற் சில வினாக்கள் எழுத்தில் அனுப்பப்படும், உரைகாரர் அவற்றுட் சிலவற்றுக்கு விடை கூறுவார், திரை அணைந்துவிடும். கேட்டது சிந்தனையாய் முதிர்தற்கு ஈண்டு இடம் யாது?

இதனுள் ஒரு வியப்பும் உளது. கேம்பிரிட்ஜில் தோன்றிய முறையின் பெருமை, பத்துப் பன்னிருவர் ஒருவர் வீட்டிற் கூடி, ஒரு பொருளையே பல திங்கள் தொடர்ந்து, ஒருவர்க்கொருவர் கற்பித்தலாக இருந்தது. இணையவழிப் பெருஞ்சொற்பொழிவு அதனைக் கைவிட்டு, உரைப்போர் உரைக்கக் கேட்போர் கேட்கும் தூலூஸ் முறைக்கே மீள்கின்றது. லாஸ்லெட்டும் துணைவரும் எம்முறையினின்றும் விலகினரோ, அவர் பெயராலேயே அம்முறை திரும்ப வருதல் காண்க. ஆதலின் இக்குறை சைவர் வெளியினின்று சுமத்துவதன்று; அவ்வியக்கத்தின் சொந்த நெறியே அதனைக் காட்டிநிற்கின்றது.

முதியோர் கல்விக்குச் சைவ மரபில் தலைசிறந்த எடுத்துக்காட்டு அருணந்தி சிவாசாரியர். சகலாகம பண்டிதர் எனப் பெயர்பெற்ற அப்பெரியார், மெய்கண்ட தேவரின் தந்தையார்க்குக் குலகுருவாக இருந்தவர். தம் மாணாக்கரின் மகனாகிய இளஞ்சிறாரிடம் பலர் சென்று பாடங்கேட்கின்றனர் என்பதறிந்து திருவெண்ணெய்நல்லூர் சென்று, ஆணவ மலத்தின் வடிவு யாதென வினவினார் என்பது வரலாறு. மெய்கண்டார் சொல்லால் விடை கூறிற்றிலர். வினவி நின்ற அவரையே நோக்கினார். நிற்கும் இந்நிலையே அதன் வடிவென்பதை உணர்ந்த முதியவர் அச்சிறுவர் திருவடியில் வீழ்ந்தார். ஆகமம் அனைத்தும் கற்றவர்க்குக் கல்வி குறைவாக இருந்ததன்று. 'யான் கற்றேன்' என்னும் முனைப்பே எஞ்சி நின்றது. முதுமையிற் கற்பார்க்கு நேரும் இடர் அறியாமையைவிட அறிந்தேன் என்னும் இம்முனைப்பே. தேர்வும் பட்டமும் வேண்டா என்று விலக்கியது நன்று. திருத்துவாரையும் வேண்டா என்று விலக்கியதாயின் அது நன்றாகாது.

அற்றேல், நோக்கால் நிகழ்ந்த அவ்வுபதேசம் திரையின் வழியே நிகழுமோ, நிகழாதாயின் இணையவழிக் கல்வி முழுதும் விலக்கத்தக்கதன்றோ எனின், அன்று. சொற்பொழிவு தீக்கையன்று, தீக்கைக்குரியதனைச் சொற்பொழிவினிடம் வேண்டுதல் அளவையறியாமையாகும். மேலும், திரையை விலக்குவோர் யாரை விலக்குகின்றனர் என்பதையும் எண்ணல் வேண்டும். 1990-களின் இறுதியில் ஆத்திரேலியாவில் மூன்றாம் பருவப் பல்கலைக்கழகத்தின் இணையவழிக் கிளை தொடங்கியது, நோயாலும் தொலைவாலும் தனிமைப்பட்ட முதியோரை நோக்கியே. படியிறங்க மாட்டாதார், கணவனையோ மனைவியையோ இழந்து தனித்திருப்பார், நோயுற்ற துணையை விட்டகல இயலாதார் ஆகியோர்க்கு அத்திரை ஒன்றே வாயில். நான்காம் பருவம் என்று லாஸ்லெட் ஒதுக்கிய இடத்திலுள்ளார்க்கும் கல்வி சென்றெய்த அது வழி செய்கின்றது. இவ்வகையில் கருவி கொள்கையினும் பெரிதாயிற்று எனலாம். அதுவும் விளக்கே, விளக்கைப் பழித்து இருளில் இருப்பார் இலர்.

ஆகவே திருத்தவேண்டுவது கருவியையன்று, அமைப்பையே. குளிர்காலம் முழுமைக்கும் ஒரு நூலோ ஒரு பொருளோ கொள்ளப்படுக. பெருஞ்சொற்பொழிவு ஒன்று நிகழ்ந்தபின், கேட்டார் பதின்மர் பதின்மராய்ப் பிரிந்து, ஒலிவாங்கி திறந்து, முகம் நோக்கி வினாவி விடுக்கும் அவை ஒன்று அவ்வாரத்திலேயே கூடுக. அவ்வவையில் முறைமுறையே ஒவ்வொருவரும் பொருளை எடுத்துரைக்க. உரைத்ததிற் பிழையுளதேல் ஏனையோர் அன்பொடு திருத்துக. ஒருவர் இருவாரம் வாராதொழியின் அவரை வினவி அறிதலும், இயலுமேல் நேரிற் சென்று காண்டலும் அவ்வவையின் கடமையாகுக. சிவஞானபோதத்தின் பன்னிரண்டாஞ் சூத்திரம் மலம் நீங்கிய ஞானிக்கும் அன்பர் கூட்டத்தை விதிக்கின்றது. ஞானிக்கே கூட்டம் வேண்டுமாயின், தனியறையில் திரைமுன் அமர்ந்த முதியவர்க்கு அது வேண்டா என்றல் எங்ஙனம்?

இவ்வாராய்ச்சி பிரிட்டன் நாட்டார்க்கு மட்டும் உரியதன்று. இலண்டனில் வாழும் ஈழத்துச் சைவ முதியோர்க்கும் அதே குளிரும் அதே இருளும் உள. 2020-க்குப் பின் தமிழகத்தினும் ஈழத்தினும் பிற நாடுகளினும் சித்தாந்த வகுப்புகள் இணையவழியே நிகழ்கின்றன. அவற்றிலும் கேட்போர் பெரும்பாலும் ஓய்வுபெற்றோரே. சாத்திரம் பதினான்கினையும் விரைந்து கேட்டு முடித்தோம் என்னும் நிறைவு ஆண்டும் தோன்றக்கூடும். பொருள் சித்தாந்தம் ஆயினமையானே கேட்டல் சிந்தித்தலாகிவிடாது. பறவையியலை அறுவர் கூடி ஆராய்ந்து ஒருவரையொருவர் திருத்தி அமையும் அவை, முனைப்பு நீங்குதற்கு ஒரு பயிற்சியாகும். சித்தியாரை ஆயிரவர் வாய்திறவாது கேட்டு எழும் அவை அங்ஙனமாதல் அரிது.

முதுமை கற்றற்கு ஏலாத பருவம் என்ற பழங்கூற்றை மறுத்த வகையில் லாஸ்லெட் செய்தது நன்றியொடு நினைக்கத்தக்கது. முதுமையே வாழ்வின் முடியென்று அவர் கூறியதும் ஒருவகையான் உண்மையே. விருப்பம் நிறைவேறுதலான் அது முடியாவதன்று. தன்னைத் திருத்திக்கொள்ளுதற்கு எஞ்சிய காலமாதலான் முடியாவது. அக்காலத்தைத் திரையில் கேட்டு மட்டும் கழியாது, கேட்டதைக் கூட்டத்தில் சிந்தித்துத் தெளிதற்கு வழிசெய்தலே இத்தகு தொடர்களை நடத்துவார் கடன் என்க.