கண்ணீரும் கணக்கும்: ஊவாத் தோட்ட நிருபரின் எழுத்து

மலையகத் தமிழ் இலக்கியத்தின் வரலாற்றை எழுத முனைவோர் வழக்கமாக ஒரே பாதையில் நடக்கின்றனர். நாட்டார் பாடலில் தொடங்கி, கவிதைக்கு வந்து, சிறுகதையில் சற்று நின்று, நாவலில் முடிக்கின்றனர். நூலுருப் பெற்றவை மட்டுமே அவர்கள் பார்வைக்குத் தட்டுப்படுகின்றன. பதுளையிலும் பசறையிலும் பண்டாரவளையிலும் இருந்துகொண்டு, தோட்டச் செய்தியும் குறிப்பும் பத்தியுமாகப் பத்திரிகைகளுக்கு எழுதி வந்த மனிதன் இந்த வரலாற்றில் எங்கே நிற்கிறான்? அவனது எழுத்து மறுநாளே கடைத்தெருவில் பருப்புப் பொட்டலமாகி விடுகிறது. அந்த ஒரு காரணத்துக்காக அவனை இலக்கியத்தின் வாசலுக்கு வெளியே நிறுத்திவிடலாமா?

நிறுத்தக்கூடாது என்பதே நமது கருத்து. ஆனால் அவனைப் பாராட்டி மாலை சூட்டுவது மட்டும் விமர்சனம் ஆகாது. அவனது எழுத்தில் எது நின்றது, எது நிற்கவில்லை, ஏன் என்று கேட்டாக வேண்டும். அதற்கு முன் அவன் எவ்வாறு வாழ்ந்து எழுதினான் என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

கொழும்பிலிருந்து ஏறத்தாழ 290 கிலோமீட்டர் மலையேறி வரும் ரயில்பாதை 1924இல் பதுளையை எட்டியது. பத்திரிகைகள் அந்த வழியே மேலே வந்தன. நிருபரின் செய்திக் கடிதங்கள் அதே வழியே கீழே சென்றன. நிருபன் என்று சொல்கிறோமே தவிர, பெரும்பாலும் அது அவனது தொழில் அல்ல. பகலில் அவன் தோட்டப் பாடசாலை ஆசிரியன், அல்லது கணக்கப்பிள்ளை, அல்லது கடைச் சிப்பந்தி, அல்லது தொழிற்சங்கக் காரியாலயத்தில் மனு எழுதுகிறவன். எழுத்துக்கு அவன் பெற்றது மாதச் சம்பளம் அன்று. அச்சேறிய அளவுக்கே கூலி. கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு நிறுவையில் குறைந்தால் அரைப்பேர் விழுவது போல, இவனது செய்தி வெட்டுப்பட்டால் இவனுக்கும் அரைப்பேர்தான். தோட்டத்துக்குள் வேலை செய்கிறவனாக இருந்தால் இன்னுமோர் இடர்ப்பாடு உண்டு. எந்தத் துரையைப் பற்றி எழுதுகிறானோ அந்தத் துரையின் லயத்திலோ குவார்ட்டர்ஸிலோதான் அவன் குடும்பம் உறங்குகிறது. புனைபெயர்கள் மலையகத்தில் அலங்காரத்துக்காக மட்டும் தோன்றியவை அல்ல என்பதை வாசகர்கள் எளிதில் உணர்வார்கள்.

இத்தகைய எழுத்துக்கு மூலவர் ஒருவர் உண்டு. தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யர் புடவை வியாபாரியாகத் தோட்டங்களுக்குள் நுழைந்து, அங்கு நடப்பதைக் கண்ணால் கண்டு வெளியே வந்து எழுதியவர். ‘தேசநேசன்’ 1921இலும், ‘தேசபக்தன்’ 1924இலும் தோன்றின. அவருடைய எழுத்தின் வலிமை எதில் இருந்தது? ஆவேசத்தில் என்று சிலர் சொல்லுவார்கள். ஆவேசம் இருந்ததுதான். ஆயினும் தொழிலாளியின் கடன் எப்படிப் பெருகுகிறது, துண்டு முறையில் அவன் ஒரு கங்காணியிடமிருந்து இன்னொரு கங்காணிக்கு எப்படிக் கைமாறினான், கூலியில் எது பிடிக்கப்படுகிறது, எஞ்சுவது எவ்வளவு என்று வெளியே எடுத்து வைத்ததே தோட்ட நிர்வாகத்தைக் கலங்கச் செய்தது. 1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் நிறைவேறியது. 1929இல் மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம் என்று வரையறுக்கப்பட்டது. அந்தப் பதினொரு சத வேறுபாட்டைச் சுட்டிக் கேட்பதற்குக் கவித்துவம் தேவையில்லை. இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டத் துணிவுள்ள ஒருவன் போதும். இதைத்தான் நாம் கணக்கு என்கிறோம்.

நடேசய்யருக்கு முந்திய தோட்ட எழுத்தை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். ஆபிரகாம் ஜோசப் இயற்றிய ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ 1869இல் அச்சாயிற்று. கோப்பிப் பயிரையும் அதன் சிறப்பையும் பாடிய நூல் அது. ஊவாவின் மடுல்சீமைப் பகுதியில், கோப்பி இலையில் துரு நோய் கண்டறியப்பட்டதும் அதே 1869இல்தான். இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தொழில் மடிந்தது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. கும்மி நம்மிடம் இருக்கிறது. ஆனால் அந்த வீழ்ச்சியில் வேலையிழந்த தொழிலாளி என்ன உண்டான், எத்தனை பேர் எந்த வழியாகத் திரும்பி நடந்தார்கள் என்று அவன் பக்கத்திலிருந்து எழுதப்பட்ட ஏடு நம் கைக்கு வரவில்லை. ஒரு தொழில் நலியும் போது அருகில் இருந்து எழுதுபவன் இல்லையென்றால், பின்வரும் தலைமுறைக்குத் துதி மட்டுமே மிஞ்சும்.

இனி நடேசய்யருக்குப் பின் வந்தவர்களைப் பார்ப்போம். 1930இல் தொடங்கிய ‘வீரகேசரி’ தோட்ட மக்களிடையே பரவிய நாளிதழ். அறுபதுகளில் எஸ்.எம். கார்மேகம் பொறுப்பேற்றிருந்த அதன் ‘தோட்ட மஞ்சரி’ பகுதி, லயத்திலிருந்து எழுதியவர்களுக்கு அச்சு மையைக் காட்டிற்று. மலைநாட்டு எழுத்தாளர் மன்றத்தின் சிறுகதைப் போட்டிகளும், அவற்றின் அறுவடையாக 1971இல் வெளிவந்த ‘கதைக்கனிகள்’ தொகுதியும் அந்தச் சூழலில் விளைந்தவை. ஒரு பத்திரிகைப் பக்கம் ஒரு சமூகத்துக்கு எழுத்தாளர்களை உருவாக்கித் தந்தது என்பதை எந்த இலக்கிய வரலாறும் மறைக்க முடியாது.

ஆயினும் பாராட்டோடு ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். தோட்டத்தைப் பற்றிய பத்தி எழுத்தில் இருவகைக் குரல்கள் தொடர்ந்து ஒலித்திருக்கின்றன. ஒன்று கண்ணீரின் குரல். மற்றது கணக்கின் குரல். மலையன்னை அழுகிறாள், உழைப்பவன் வாடுகிறான், விடிவு எப்போது என்று எழுதுவது முதல் வகை. இன்ன பிரிவில் இத்தனை ஏக்கரில் புல்வெட்டு நின்று தேயிலை காடாகிவிட்டது, வாரத்தில் இத்தனை நாளே வேலை கொடுக்கிறார்கள், செக்ரோலில் இத்தனை பெயர் குறைந்தது என்று எழுதுவது இரண்டாம் வகை. முதல் வகையை யாரும் மறுக்கமாட்டார்கள். எனவே யாரையும் அது சுடுவதும் இல்லை. இரண்டாவதற்கு யாரேனும் ஒருவர் பதில் சொல்லியாக வேண்டியிருக்கிறது. நமது பத்தியாளர்களில் பலர் முதல் வகையிலேயே அதிகம் தங்கிவிட்டனர் என்பது என் துணிபு.

அதன் விளைவை எழுபதுகளில் கண்டோம். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவரான மக்களை, 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் எண்களாகப் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரின் விதி பிறகு. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. நிர்வாகம் தடுமாறிற்று, உலகச் சந்தையில் உணவு விலை ஏறிற்று, 1973 - 74இல் லயங்களில் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. அரசுகள் மக்களை எண்களாகப் பேசிய அந்த நாட்களில், எதிர்க் கணக்கு வைத்திருக்க வேண்டியவன் நிருபன். ஒவ்வொரு தோட்டத்திலும் ரேஷன் எவ்வளவு குறைந்தது, வேலைநாள் எவ்வளவு குறைந்தது, யார் யார் மாண்டார் என்று ஊவா முழுவதற்கும் ஒரு பதிவேடு இன்று நம்மிடம் உண்டா? சிதறிய செய்திகள் உண்டு. இரங்கற் பாக்கள் நிரம்ப உண்டு.

இதற்குக் காரணம் நிருபரின் மனக்குறைபாடு என்று சொன்னால் அது அநீதி. கணக்கு எழுதுபவனுக்கு ஆபத்து அதிகம். கண்ணீர் எழுதுபவனுக்கு ஆபத்து குறைவு. அத்துடன், தொழில் நலிந்தபோது அவன் காலடி மண்ணும் சேர்ந்தே சரிந்தது. அவனுடைய வாசகன் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி நீலகிரிக்கோ வேறெங்கோ போய்விட்டான். சந்தா கட்டிய லயங்களில் பூட்டுத் தொங்கியது. யாருக்காக எழுதினானோ அவனே இல்லாத ஊரில் பத்தி எழுதுவது எவ்வளவு பெரிய தனிமை! அப்படியிருந்தும் சிலர் எழுதிக்கொண்டே இருந்தார்கள் என்பதற்கு நாம் தலைவணங்க வேண்டும்.

கண்ணீரில் தங்கிவிடுவதால் நேரும் இழப்பு இன்னொன்றும் உண்டு. 1940இல் பதுளையை அடுத்த வேவெஸ்ஸைத் தோட்டத்துத் தொழிலாளர்கள் தமக்கென ஒரு குழுவைத் தேர்ந்தெடுத்து, வேலைநிறுத்தத்தில் உறுதியாக நின்றனர். அந்த மக்களின் பிள்ளைகளை வெறும் வாடிய முகங்களாக மட்டும் வரைவது, அவர்கள் அறிவையும் ஆற்றலையும் மறைப்பதாகும். இரங்கத்தக்கவன் என்று காட்டப்பட்டவனிடம் யாரும் யோசனை கேட்பதில்லை.

கணக்கின் வழியே நல்ல இலக்கியம் பிறக்கும் என்பதற்கு ஊவாவே சான்று தருகிறது. ஊவா கட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்து 2022இல் மறைந்த தெளிவத்தை ஜோசப், நீண்ட காலம் கொழும்பில் கணக்காளராகப் பணியாற்றியவர். ‘மீன்கள்’ சிறுகதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே லய அறைக்குள் வளர்ந்த பிள்ளைகளோடு படுத்துறங்க வேண்டிய குடும்பத்தின் வெட்கம் அதன் கரு. அறை எவ்வளவு, ஆட்கள் எத்தனை, இடம் எங்கே என்ற அளவிலிருந்துதான் அந்த வெட்கம் வாசகனைத் தாக்குகிறது. ஆசிரியர் அழுததனால் அன்று. 1997இல் ‘மலையகச் சிறுகதைகள்’, ‘உழைக்கப் பிறந்தவர்கள்’ என்னும் தொகுதிகளை அவர் உருவாக்கியதும், பத்திரிகைகளில் புதைந்து கிடந்தவற்றைத் தேடித் தோண்டியதனால்தான். நடேசய்யரின் பத்திரிகைப் பணியை மீட்டு எழுதிய சாரல் நாடனும் தேயிலைத் தொழிற்சாலையில் பணிபுரிந்தவரே. நிறுவையின் மதிப்பறிந்தவர்கள் எழுத்தின் நிறையையும் அறிந்திருந்தனர்.

இது பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 2014 அக்டோபர் 29ஆம் தேதி காலை, பதுளை மாவட்டம் கொஸ்லந்தையில் மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்சரிவில் புதைந்தன. 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அவ்விடத்தைப் பற்றி எச்சரித்திருந்தது. அன்று முதலில் முந்நூறு பேரைக் காணவில்லை என்றார்கள். பிறகு நூறு என்றார்கள். கடைசியில் நாற்பதுக்கும் குறைந்த எண்ணில் வந்து நின்றார்கள். மனிதர் எத்தனை பேர் என்பதே நாட்கணக்கில் தெளிவாகவில்லை! ஒரு லயத்தில் யார் யார் குடியிருந்தார்கள், யார் வேலைக்குப் போயிருந்தார்கள், எந்தப் பிள்ளை பள்ளிக்குப் புறப்பட்டிருந்தது என்பது அந்த ஊரில் கால் தேய நடக்கும் ஒருவனுக்கே தெரியும். எச்சரிக்கை வந்த ஆண்டிலிருந்தே இடைவிடாமல் கேள்வி எழுப்பக் கூடியவனும் அவன்தான். தோட்ட நிருபர் என்பவர் சமுதாயத்துக்கு எதற்கு என்று கேட்போருக்கு மீரியபெத்தையே விடை.

இன்று இரண்டு தொழில்கள் ஒன்றாய் நலிகின்றன. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் நிர்வாகத்துக்கு மாறியபோது பதிவுபெற்ற தொழிலாளர்கள் மூன்று இலட்சத்துக்கு மேல் இருந்தனர். இன்று அதில் பாதியும் இல்லை. 2021இல் இரசாயன உரத்தின் மீது விதித்த தடைக்குப் பின், அவ்வாண்டில் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, 2022இல் சுமார் 25 கோடி கிலோவாக இறங்கிற்று. அதே 2022இன் மார்ச் மாதம், அச்சுத் தாள் கிடைக்காமல் ‘தி ஐலண்ட்’, ‘திவயின’ ஆகிய நாளிதழ்கள் தம் சனிக்கிழமை அச்சுப் பதிப்பை நிறுத்தின. தேயிலைக்கு உரமில்லை, பத்திரிகைக்குத் தாளில்லை. இரண்டுக்கும் நடுவில் நிற்கிறான் பதுளையின் நிருபன். பகலில் ஆட்டோ ஓட்டியோ, கடையில் நின்றோ, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தோ, இரவில் எழுதுகிறான். அவனது பாட்டனின் நிலையிலிருந்து அவன் நிலை அதிகம் மாறிவிடவில்லை.

நாம் செய்ய வேண்டியது என்ன? முதலாவது, பழைய தோட்டப் பக்கங்களைச் சுவடிக்கூடங்களிலிருந்தும் வீட்டுத் தகரப் பெட்டிகளிலிருந்தும் வெளியே எடுத்து, தேர்ந்து தொகுக்க வேண்டும். துதியையும் புலம்பலையும் ஒதுக்கிவிடாமல், ஆனால் கணக்கு எழுதியவர்களுக்கு முதலிடம் கொடுத்துத் தொகுக்க வேண்டும். இரண்டாவது, விமர்சகர்கள் பத்தி எழுத்தையும் ஓர் இலக்கிய வடிவமாக எடுத்துக்கொண்டு, நல்லதை நல்லதென்றும் தளர்ந்ததைத் தளர்ந்ததென்றும் சொல்லப் பழக வேண்டும். அனுதாபத்தினால் எல்லாவற்றையும் புகழ்வது அந்த எழுத்தாளனை மதிப்பதாகாது. மூன்றாவது, எழுதும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தோட்டத்துப் பெரட்டுக்களத்தில் இன்று காலை எத்தனை பேர் நின்றார்கள் என்பதிலிருந்து உங்கள் பத்தியைத் தொடங்குங்கள். அழுகை வரவேண்டிய இடத்தில் அது தானே வரும்.

கோப்பி போன கதையை நாம் அறியாமற் போனோம். தேயிலை நலியும் கதையையாவது, அதைப் பறித்த கைகளின் பக்கம் நின்று எழுதி வைப்போம்.