ஒரே வைரம், இரண்டு கடைகள்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் நகைக்கடைகளும் உண்டு, ஹார்டுவேர் கடைகளும் உண்டு. செயற்கை வைரம் என்றதும் நம் நினைவு நகைக்கடைக்குத்தான் போகிறது. ஆனால் அது பல பத்தாண்டுகளாக விலைபோவது ஹார்டுவேர் கடையில். டைல்ஸும் கிரானைட்டும் அறுக்கும் கட்டர் பிளேடின் விளிம்பில் உலோகத்தோடு கலந்து ஒட்டியிருக்கும் பொடி, உயர் அழுத்த, உயர் வெப்ப முறையில் விளைந்த வைரம். உலோகம் தேயத் தேயப் புதிய துகள்கள் முனை காட்டும். பிளேடு தீரும்வரை வெட்டும். இந்த முறையை எடைபோட இரண்டு கடைகளையும் பார்த்தாக வேண்டும்.

1954 டிசம்பரில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் டிரேசி ஹால் இம்முறையில் வைரம் விளைவித்தார். அதன் அடிப்படை இன்றும் மாறவில்லை. இரும்பு, நிக்கல், கோபால்ட் போன்ற உலோகத்தை வளிமண்டல அழுத்தத்தைப்போல் 50,000 முதல் 60,000 மடங்கு அழுத்தத்தில், 1,300 முதல் 1,600 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உருக்குகிறார்கள். கிராஃபைட் அந்த உருகலில் கரைகிறது. பெரிய படிகம் வேண்டுமானால், சூடு சற்றுக் குறைந்த முனையில் ஒரு சிறு வைர விதையை வைக்கிறார்கள். கரைந்த கார்பன் அங்கே போய்ப் படிகிறது. பாகில் தொங்கும் நூலைச் சுற்றிக் கற்கண்டு கட்டுவது போல.

இந்த முறையின் பெரிய பலம், அளவையும் வடிவையும் நாமே தீர்மானிக்க முடிவது. வெப்பம் குறைந்தால் கனசதுர முகங்கள் பெருகும். கூடினால் எண்முகம் தலைதூக்கும். அறுக்கும் பொடி சில நிமிடங்களிலேயே விளைந்துவிடுகிறது. அதன் மஞ்சள் நிறமோ உள்ளே சிக்கிய உலோகத் துணுக்கோ கல் அறுப்பவருக்குப் பெரிய பொருட்டல்ல. சுரங்கத்தை நம்பியிருந்தால் ஒவ்வொரு கட்டட வேலையிலும் வைர பிளேடு சுழன்றிருக்காது.

நகைக்கென்று வளர்க்கும்போதுதான் சிக்கல். காற்றிலுள்ள நைட்ரஜன் படிகத்தில் புகுந்து மஞ்சளாக்கிவிடும். அதைப் பிடித்துவைக்க அலுமினியமோ டைட்டேனியமோ சேர்க்கலாம். ஆனால் வளர்ச்சி மெதுவாக நடக்க வேண்டும். அவசரப்படுத்தினால் உருகிய உலோகம் உள்ளே மாட்டிக்கொள்ளும். சில கற்கள் காந்தத்துக்கே இழுபடும். அதனால் ஒரு நல்ல கல்லுக்கு நாள்கணக்கில், சமயத்தில் வாரக்கணக்கில், ராட்சத அழுத்தி ஓடவேண்டியிருக்கிறது. இடையில் அழுத்தம் தடுமாறினால் கல் கெடும். சுரங்கம் தோண்டவில்லை என்பது உண்மைதான். ஆனால் மின்சாரம் நிலக்கரியிலிருந்து வந்தால் ‘பசுமை வைரம்’ என்ற விளம்பரத்துக்குப் பொருளில்லை.

விலை இன்னொரு சிக்கல். டி பியர்ஸ் நிறுவனம் 2018-இல் ‘லைட்பாக்ஸ்’ என்ற பெயரில் ஆய்வக வைரத்தை காரட் 800 டாலருக்கு விற்கத் தொடங்கியது. அது வேறு முறையில் விளைந்த கல். ஆனாலும் சந்தை ஒன்றுதான். விலைகள் சரிந்த பின் 2025-இல் அந்தக் கடையை மூடுவதாக அறிவித்தது. பிளேடு வாங்குபவருக்கு விலைச்சரிவு ஆதாயம். மறுவிற்பனையை எண்ணி மோதிரம் வாங்கியவருக்கு நட்டம். வெப்பக் கடத்தலை அளக்கும் சாதாரண வைரச் சோதனைக் கருவி இயற்கைக் கல்லையும் இதையும் ஒன்றாகவே காட்டும், இரண்டும் வைரம்தானே. ஆகையால் பில்லில் மூலம் தெளிவாக எழுதப்பட வேண்டியது கட்டாயம்.

இந்தியாவின் வைரத் தொழில் நகரான சூரத்தில் பெரும்பாலும் வாயுவிலிருந்து வைரம் படியவைக்கும் முறைதான் நடக்கிறது. அதற்கும் வைர விதை வேண்டும். பழுப்பேறிய கல்லை வெளுக்க உயர் அழுத்தம் வேண்டும். 2023 பட்ஜெட்டில் விதைகளுக்கான சுங்க வரி நீக்கப்பட்டது. விதையையும் இயந்திரத்தையும் உள்நாட்டிலேயே உருவாக்க, சென்னை ஐ.ஐ.டி.க்கு ஐந்தாண்டுகளுக்கு 242 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. எத்தனை காரட் பளபளப்பு ஏற்றுமதியானது என்று மட்டும் கணக்குப் பார்த்தால் அந்தப் பணம் சரியும் சந்தையைத் துரத்தியதாகிவிடும். விதை, அழுத்தி, வெட்டுக்கருவி, மின்னணுச் சில்லின் சூட்டை வெளியேற்றும் வைரத் தகடு ஆகியவற்றில் எவ்வளவு நம் கைக்கு வந்தது என்பதே சரியான அளவுகோல். ஏராளமாக விளைவிப்பதுதான் இம்முறையின் திறமை. அந்தத் திறமையை அருமைக்காக விலைபேசும் பண்டத்தில் முடக்குவது வீண்.